அக்கா பார்த்த சனி

கோயிலில் சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, ஒரு பக்கம் ஒதுங்கித்தான் கும்பிட வேண்டும். அக்கா வருசா வருசம் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அப்படி ஒதுங்கி நின்றுதான் எள்ளெண்ணெய் எரித்தார். ஆனால் கொழும்பில் வாங்கிய பெரிய தொலைநோக்கியை நான் விசுவமடு வீட்டு முற்றத்தில் இறக்கிய அன்று, அவருக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது.

"இதாலை சனி தெரியுமோடா?"

"தெரியும் அக்கா. வளையமே தெரியும்."

"அப்ப எனக்கு ஒருக்காக் காட்டு. உன்ரை அத்தானைக் கொண்டுபோனதும் அவன்தான், வீட்டைத் திண்டதும் அவன்தான். இவ்வளவு வருசம் எங்களை ஆட்டிவைச்ச ஆளை ஒருக்கா முகத்துக்கு நேரை பாக்கோணும்."

அக்காவுக்குச் சீனி வருத்தம். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. அதையும் அதிக நாளைக்கு நம்ப வேண்டாம் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் நான். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

முதல் இரண்டு நாளும் முகில். மூன்றாம் நாள் வானம் வெளித்தது, எனக்குக் கமராப் பைத்தியமும் பிடித்தது. கலியாண வீடுகளில் படம் எடுக்கும் கூட்டாளியிடம் ஒரு பழைய கமராவை இரவல் வாங்கி, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் பூட்டினேன். எதைத் திருகினாலும் சனி ஒரு மங்கல் உருண்டை. இணையத்தில் தேடினால், உருவம் கமராவுக்குள் போய்ச் சேர அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியை மேலே தூக்க வேண்டுமாம். விடுவேனா? குழாயில் புதுத் துளை போட்டு, கண்ணாடியைத் தூக்கிப் பூட்டினேன். அரிசி மணியளவில், வளையத்தோடு, கமராவில் சனி தெளிவாக வந்தது. சின்னப்பிள்ளைபோல் துள்ளினேன்.

பிறகு கமராவைக் கழற்றிக் கண் வில்லையைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பனிமூட்டம்போல் ஒரே புகார்.

"அக்கா, இனி இதிலை கண்ணாலை பாக்கேலாது. நல்ல படம் ஒண்டு வரட்டும், பெரிசாக் காட்டுறன்."

"படம் கலண்டரிலையும் கிடக்குத்தானே. எனக்கு ஆளைப் பாக்கோணும்."

"கண்ணாடியைத் திருப்பி இறக்கினா கமராவிலை படம் பிழைச்சுப்போம். கொஞ்சம் பொறுங்கோவன்."

பொறுத்தார். பொழுதுபட்டதும் முற்றத்தில் கதிரையைப் போட்டு, நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டு எனக்குத் துணைக்கு இருப்பார். எனக்கு இருட்டு வேண்டுமென்று கோழிக்கூட்டு லைட்டை நான் கேட்காமலே நூர்த்துவிடுவார். எழும்பி ஓர் அடி கிட்ட வந்தால், "குழாயிலை முட்டாதேங்கோ, படம் ஆடிப்போம்!" என்று சீறுவேன். ஓர் அரிசி மணிக்காகச் சொந்த அக்காவை அப்படி விரட்டினேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மாரி தொடங்கியது, வானம் மூடியது. அடுத்த புரட்டாசியில் என் படங்கள் திறமாக வந்தன. எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பாராட்டி எழுதினார்கள். ஒருநாள் சும்மா கண் வில்லையைச் செருகிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்ப உருவினேன். பாதி வெளியே வரும்போது சனி பளிச்சென்று தெரிந்தது! அட, அவ்வளவுதானா? வில்லையை நாலு விரற்கடை வெளியே இழுத்துப் பிடித்தால் போதும். ஒரு துண்டு தண்ணீர்ப் பைப்பைச் செருகிவிட்டால் பிடிக்கவும் தேவையில்லை. இது ஒரு வருசமாக எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் தேடவேயில்லை.

அதற்குள் அக்கா சுவரைத் தடவித் தடவி நடக்கத் தொடங்கியிருந்தார். கூப்பிட்டதும், "மெய்யாவோ? காட்டப்போறியோ?" என்று கேட்டவர், முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பைப்பைச் செருகிச் சனியை நடுவில் நிறுத்திவிட்டு, அவரைக் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டேன். குனியும்போதே தடுமாறிக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்று நான் சீறவில்லை.

"தெரியுதோ அக்கா?"

இன்னும் குனிந்து கண்ணை வில்லையோடு ஒட்டினார்.

"ஓம், ஓம். வளையத்தோடை நிக்கிறார். என்ன வடிவு! இந்தச் சின்ன ஆளுக்கோ நாங்கள் இவ்வளவு பயந்தனாங்கள்?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவர் விலகியதும் நானும் ஆசையோடு கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு. அவர் பிடித்த பிடியில் குழாய் சரிந்து, பக்கத்து வளவு முருங்கை மரத்துக்கு நேரே நின்றது.

"நான் பாத்தது சரிதானே தம்பி?"

"ஓம் அக்கா. சரியாத்தான் பாத்தனீங்கள்."

"அப்ப சரி. இனி நீ ஆறுதலாப் படத்தை எடு" என்று சொல்லிவிட்டு, கதிரை எங்கே என்று கையை நீட்டித் தேடினார்.