அப்பாவை மூன்று தடவை கூப்பிட்டேன்

அந்தக் கோடையில் புளியஞ்சோலைக்கு மேலே, வற்றிக் கிடந்த ஓடைக்குள் அப்பாவும் அம்மாவும் நானும் நடந்தது காற்று வாங்க இல்லை. அப்பாவின் காதைச் சோதிக்க. திட்டம் அம்மாவுடையது. அவள் லேசுப்பட்டவள் இல்லை.

முந்தின வாரம் துறையூர் ரோட்டில் அப்பா மொபட் ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு உரசிக்கொண்டு போயிருக்கிறான். அப்பாவைக் கேட்டால், "ரோட்டு இரைச்சல்ல எவனுக்குக் கேக்கும்?" என்றாராம். வீட்டில் டிவி மேல் பழி, கடையில் கூட்டத்தின் மேல் பழி.

"இரைச்சலே இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போலாம் கண்ணு. அங்கயும் கேக்கலீன்னா வண்டிச் சாவிய வாங்கிரு," என்றாள் அம்மா. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது முதல் டீக்கடை வரை அவருக்கு எல்லாமே அந்த வண்டிதான். மலைக்குப் பஸ்ஸில்தான் வந்தோம். அப்படியும் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

இரண்டு பக்கமும் பாறை உயர்ந்து, உள்ளே ஒரு சத்தமில்லை. சருகு மட்டும் காலடியில் நொறுங்கியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தார். அம்மா என் முழங்கையை இடித்தாள்.

"அப்பா!"

திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கத்தியேவிட்டேன். மேலே பாறை விளிம்பில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு போன ஆள் நின்று, "ஏனுங்க, என்னையவா கூப்புட்டீங்க?" என்றார். அப்பா தற்செயலாக அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆள் பார்க்கும் பக்கம் தானும் திரும்பி என்னைப் பார்த்தார். என் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

சீ, என்ன காரியம் செய்தேன் என்று ஆகிவிட்டது எனக்கு.

அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்தார். "எத்தன வாட்டி கூப்புட்ட?"

மூன்று விரலைக் காட்டினேன்.

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "உங்கம்மாகிட்டக் குடுத்துராத. எங்கியாச்சும் தொலச்சுப் போடுவா."

ஜெயித்தது அம்மாதான். எங்கே போனாலும் அவருக்கு நாலடி பின்னால், "பாத்துப் போங்க, பாத்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டே வருவது அவள் வழக்கம். இறங்கும்போது அவள் முன்னால் போனாள். ஆடுகிற கல் வரும்போதெல்லாம் நின்று, திரும்பி, அதைக் கையால் காட்டினாள். அவர் தலையாட்டிய பிறகே அடுத்த அடி வைத்தாள்.