விரலை மடக்கச் சொன்ன அந்தோணி அண்ணன்

டில்லியில் மெட்ரோ இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பஸ்ஸெல்லாம் கேஸுக்கு மாறிக்கொண்டிருந்தன. பம்ப்புக்குப் பம்ப் ஆட்டோக்கள் தெரு முனை வரை வரிசை கட்டின. அந்த வருஷம் என் பிழைப்பைக் காப்பாற்றியவர் திண்டிவனத்து அந்தோணி அண்ணன். போன செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் ரோஸி போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு." கரோல் பாக் ஸ்டாண்டில் எங்களோடு வண்டி ஓட்டியவர்களின் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது, மருமகள் எழுதுகிறாள்.

அப்போது எங்கள் பெட்ரோல் ஆட்டோக்கள் விட்ட புகையில் பின்னால் வருகிறவன் முகம் தெரியாது. புகையைக் குறைக்க, ஊரில் இத்தனை ஆட்டோதான், புது பர்மிட் கிடையாது என்று கட்டிப்போட்டார்கள். புது கேஸ் வண்டி வேண்டுமா, பழையதை நசுக்கக் கொடுத்துவிட்டு அதே பர்மிட்டில்தான் எடுக்க வேண்டும். நான் வண்டியைத்தான் சொத்து என்று நினைத்தேன். பர்மிட் சீட்டுக்கடியில் அழுக்குத் துணியோடு கிடந்தது.

ஒரு பைனான்ஸ்காரர் வந்தார். புது வண்டி தருகிறேன், இந்தத் தாளில் கைநாட்டு வை என்றார். பெருவிரலில் மையும் தடவியாயிற்று. "ஜல்தி பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். டீ கிளாஸோடு வந்த அண்ணன் அந்த இந்தித் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"முத்து, விரலை மடக்குடா."

"ஏண்ணே, புது வண்டிண்ணே!"

"வண்டி வெறும் தகரம்டா. கம்பெனிக்காரன் தினம் செஞ்சு தள்ளுவான். பர்மிட்டை எவன் செய்வான்? அதைத்தான் இவன் பேருக்கு எழுதி வாங்குறான். நாளைக்கு நீ இவன்கிட்ட வாடகைக்கு ஓட்டணும்."

என் விரலைத் தன் காக்கிச் சட்டையிலேயே துடைத்தார். முறைத்துக்கொண்டு நின்ற பைனான்ஸ்காரர் கையில் டீயைக் கொடுத்து அனுப்பினார். பிறகு மூன்று நாள் தன் சவாரியை விட்டுவிட்டு, பாங்க் கடனுக்கு என்னோடு அலைந்தார். புது வண்டி என் பேரிலேயே வந்தது.

ரோஸிக்கு நர்ஸிங் சீட் கிடைத்த வருஷம் தன் பர்மிட்டை விற்றார். அதே பைனான்ஸ்காரரிடம்!

"எனக்குப் புத்தி சொல்லிட்டு நீ வித்துட்டியேண்ணே" என்று கத்தினேன்.

"உன் பர்மிட்டு ஆட்டோவாச்சு, என் பர்மிட்டு நர்ஸாச்சு. போடா."

கடைசிவரை வாடகை வண்டிதான். சிக்னலில் என்னைப் பார்த்தால் "முதலாளி, கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்று ஹாரன் அடிப்பார்.

இன்றும் எந்தக் காகிதம் வந்தாலும் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே விரலை நீட்டுகிறேன். அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அது.

கல்லறையில் ரோஸி கேட்டாள்: "அப்பாகூட ஸ்டாண்டுல இருந்தவங்க யாரெல்லாம் இன்னும் உசிரோட இருக்காங்க சித்தப்பா?"

செல்வராஜ் இல்லை. சேலத்துப் பெரியசாமியும் இல்லை.

"காத்தமுத்து மட்டுந்தாம்மா" என்று என் பெயரைச் சொன்னேன்.