மரிய செல்வம் வாங்கிய எட்டு சிலிண்டர் கார்

திருமானூர் மரிய செல்வம் மாட்டுத் தரகர். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதில் முப்பது வருஷப் பழக்கம். அவர் பிடித்துக் கொடுத்த மாடு நொண்டியது என்று அரியலூர்ச் சந்தையில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த மனிதர் 1946-ஆம் வருஷம் ஏமாந்தார். அதுவும் யாருக்காக? கட்டிய மனைவிக்காக!

மதலேனம்மாள் இடுப்பெலும்பு முறிந்து படுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் விழுந்ததே அவருடைய வண்டியிலிருந்துதான். அந்தக் குற்றம் அவர் நெஞ்சைத் தின்றது. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஐந்தாறு மைல் தூரம். ஆனால் மாட்டு வண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் வலி தாங்காமல் அலறிவிடுவாள்.

பாடாலூர் பங்களா முதலாளி புதுக் கார் எடுத்துவிட்டு, பழைய பெரிய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் மரிய செல்வம் ஒரு காணி நிலத்தை விற்றுப் பணத்தோடு போனார்.

"எட்டு சிலிண்டருங்க. மணிக்கு எண்பது மைல் பறக்கும்" என்றார் பங்களா ஏஜெண்டு ராசாங்கம்.

"பறக்க வேணாம்யா. குலுங்காம போவுமா?"

சொம்பு நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். கரடு முரடான பாதையில் இரண்டு மைல் ஓட்டச் சொன்னார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவர் கண்கள்தான் கலங்கின.

யுத்தம் முடிந்தும் பெட்ரோலுக்கு ரேஷன் தீராத காலம் அது. விலை முடிந்ததும் ராசாங்கம் சொன்னார்: "பெட்ரோல் கூப்பன் புத்தகம் மட்டும் எங்ககிட்டயே இருக்கும். அது முதலாளி பேருக்கு எழுதினது."

மரிய செல்வம் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். மாட்டை விற்றவன் பிடிகயிற்றைக் கொடுக்க மாட்டான். வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டு போவான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் அந்த அப்பாவி!

கீழப்பழுவூர் வந்ததும் கார் நின்றது. பெட்ரோல் தொட்டி வறண்டிருந்தது. கூப்பன் இல்லாமல் ஒரு சொட்டும் தர மாட்டோம் என்று பங்க்கில் கையை விரித்தார்கள். காரை ஓட்டி வந்த பங்களா டிரைவர் பஸ் ஏறிப் போய்விட்டான். கடைசியில் அவருடைய வண்டிக்காரன் செல்லமுத்து வந்து இரண்டு மாடுகளைப் பூட்டித்தான் காரை வீட்டுக்கு இழுத்து வந்தான்.

கூப்பனுக்காக தாலுகா ஆபீசுக்கு நாலு முறை நடந்தார். "சொந்த உபயோகமா? மனு குடுத்துட்டுப் போங்க." மறுமுறை, "மனு மேல போயிருக்கு." அடுத்த முறை மனு வாங்கிய குமாஸ்தா லீவு. நாலாம் முறை, "எந்த மனு?"

அன்று வீட்டுக்கு வந்து காரின் கதவை ஓங்கி உதைத்தார். கால் விரல்தான் வீங்கியது.

"ஏங்க, கீழப்பழுவூர்லேருந்து மாடுதானே இழுத்துட்டு வந்துச்சு?" என்றாள் மதலேனம்மாள் கட்டிலிலிருந்து. "ஏலாக்குறிச்சிக்கும் இழுக்காதா?"

"எண்பது மைல் ஓடுற வண்டிய மாட்டுல பூட்டச் சொல்றியா? என் மானம் போயிடும்டி!"

"உங்க மானத்த அரைச்சு என் இடுப்புல பத்து போட முடியுமா?"

அவர் செல்லமுத்துவுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை அவளை மெத்தைச் சீட்டில் படுக்க வைத்தார்கள். செல்லமுத்து மாடுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். திருப்புவதற்கு ஆள் வேண்டுமே! ஸ்டீரிங்கைப் பிடித்து மரிய செல்வமே உட்கார்ந்தார்.

"தரகரே! கண்ணாடி போட்ட இந்த மாட்டுக்கு எத்தன பல்லு?" என்று வயலிலிருந்து ஒருவன் கத்தினான். அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் பெரிய பள்ளம். முன் சக்கரம் இறங்கியது. அலறலை எதிர்பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பின் சக்கரமும் இறங்கி ஏறியது. சத்தமே இல்லை. பதறிப்போய்த் திரும்பினார்.

"என்னங்க, ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்றாள் அவள், மெழுகுவர்த்தியை மார்போடு அணைத்தபடி. "பள்ளம் ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணுமில்ல, படு" என்று எரிந்து விழுந்தார். கண்ணீர் மீசையில் இறங்கியது. கால் மட்டும், எண்பது மைல் வேகம் தராத அந்த ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது.