வியாழக்கிழமைக் கால்

மழை விட்ட காலையில் செம்மண் சேறு கால்விரல் இடுக்குகளில் பிதுங்கி ஏறும்போது ஒரு குளிர்ச்சி வருமே, அது எனக்கு மற்றப் பிள்ளைகளைவிட ஓர் இடுக்கு குறைவாகத்தான் வரும். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பாதிவரை தோலால் ஒட்டிப் பிறந்தவன் நான். சுவா ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை, நானும்தான், அப்பா பிராணிகளைப் பிரித்துவைக்கும் வரைக்கும்.

அப்பா பால்மரம் வெட்டுகிறவர், பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் எங்களை 'வேதக்கார வீடு' என்பார்கள். வேதத்தின்படி ஞாயிறிலிருந்து எண்ணினால் நீந்துவதும் பறப்பதும் வியாழக்கிழமை படைக்கப்பட்டவை, தரையில் நடப்பதும் கடைசியாக மனிதனும் வெள்ளிக்கிழமை. ஆகவே எங்கள் வீட்டில் சேவலும் கெண்டையும் 'வியாழக்கிழமை சாதி', ஆடு, பன்றி முதல் தோட்டத்துத் துரைவரை 'வெள்ளிக்கிழமை சாதி'. வௌவால் குட்டிக்குப் பால் கொடுக்கிறதே என்று அக்கா பள்ளிக்கூடப் பாடத்தை எடுத்து நீட்டினால், "பறக்குதுல்ல, வியாழந்தான்" என்று மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் தீர்ப்பு வரும்.

ஒருநாள் லயத்துக்குப் பின்னால் ஓடிய 'அல்லூர்' என்கிற கால்வாய் ஓரமாக ஒரு நீர்நாய் வந்துபோனது. உடம்பெல்லாம் மயிர், நாலு கால். அப்பாவே கொஞ்சம் தடுமாறினார். பிறகு சேற்றில் பதிந்திருந்த தடத்தைக் காட்டி, "வெரலு ஒட்டியிருக்குது பாரு, வாத்துக்கும் இதான், வியாழந்தான். காலப் பாத்தா தெரிஞ்சிரும்லா" என்றார்.

நான் என் காலைப் பார்த்தேன்.

அதற்கு முந்தைய வருடம்தான் அம்மா காய்ச்சலில் போயிருந்தாள். மேலே இருக்கிறாள், நாமும் ஒருநாள் போய்ச் சேருவோம் என்கிற பேச்சுதான் எங்களை எழுப்பி உட்காரவைத்து, சோறு தின்னவைத்துக்கொண்டிருந்தது. எங்கள் நாய் செத்தபோது, ஆத்மா மனிதனுக்கு மட்டும்தான், பிராணிகளுக்கு மேலே இடமில்லை என்று சொன்னவரும் இதே அப்பாதான். ஆக, நான் வாத்து என்றால் அம்மாவை இனிப் பார்க்கப்போவதில்லை.

பயம் வந்தால் என் புத்தி அன்றைக்கே கோணல்மாணலாகத்தான் ஓடும். வாத்துமுட்டையைப் பங்காளி வீட்டுப் பிள்ளை என்று தின்னாமல் தள்ளிவைத்தேன். தண்ணீரில் இறங்கினால் நீச்சல் தானாக வந்து குட்டு உடைந்துவிடும் என்று குளிக்க மறுத்தேன். "ஒன் நாத்தத்துக்கு எந்தக் கெழமையும் ஒன்ன சேத்துக்காதுடா" என்று அக்கா மூக்கைப் பொத்தினாள். விளையாட்டாகச் சொன்னதுதான், நான் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டேன். கடைசியில் அப்பாவின் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

தோலில் கத்தியை வைத்த நேரம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே சொன்னேன்: "நான் வாத்துப்பா. அம்மாகிட்ட என்னை விடமாட்டாங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்: "ஒங்கம்மாளுக்கும் இப்படித்தான்டா ஒட்டியிருந்துச்சு."

"அப்ப அம்மாவும் அங்க இல்லையாப்பா?"

உலகத்துப் பிராணி எல்லாவற்றுக்கும் கிழமை வைத்திருந்த மனிதர் எழுந்து, கத்தியை எனக்கு எட்டாத உயரத்தில் செருகிவைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பிராணிக்கும் அவர் கிழமை சொன்னதில்லை. ஜெபத்தில் அம்மா பெயர் வரும் இடத்தில் குரல் மட்டும் இறங்கிப்போகும்.

இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை, விரல் இப்படி ஒட்டியிருப்பது பரம்பரையாக வருவது, மனிதர்களிடம் சாதாரணம் என்றார். என்னை மனிதனாக்கிய அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தேன், அம்மா போன இடம் அதில் எங்கும் இல்லை.

போன வருடம் தோட்டம் வீடமைப்புக்குப் போனது, கல்லறைகளை மாற்றுகிறோம் என்று மம்பாவ் ஊரில் இருக்கும் எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால், அம்மாவுடையதையும் சேர்த்து மரச்சிலுவைகளைக் கரையான் தின்றிருந்தது. அந்தப் பக்கமே செத்த மாடுகளையும் புதைப்பார்கள். குழிக்குள் நின்ற பையன் கலந்து கிடந்த எலும்புகளைக் காட்டி, "அண்ணே, எது ஆளு, எது மாடுன்னு தெரியலலா. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றான்.

குனிந்து பார்த்தேன்; எனக்கும் தெரியவில்லை.

"எல்லாம் ஆளுங்கதான் தம்பி. ஒண்ணு விடாம அள்ளு."

புது இடத்தில் எல்லாருக்கும் ஒரே குழி, மேலே பெயரில்லாத சிமெண்டுத் தளம். போன ஞாயிறு மெழுகுவத்தியோடு போனேன். எந்த மூலையில் ஏற்றுவது என்று தெரியாமல், அது உருகி விரலைச் சுடும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.