பறக்கும் கப்பலைத் திருடியவன்

ராஜா வேஷம் யாருக்கு வேண்டும்? சிம்மாசனத்தில் உட்கார்ந்து "ஐயோ என் நாடே" என்று அழ வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வில்லன்தான் எல்லாம். ராஜாவின் பறக்கும் போர்க்கப்பலைத் திருடிக்கொண்டு, வானத்திலிருந்து கோட்டை மேல் நெருப்பைக் கொட்டுகிறவன். அந்த வேஷம் எனக்குத்தான் என்று இருந்தேன். கப்பலைச் செய்ததே நான்தானே.

அப்போது தீவில், ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் எனக்குக் கலாசி வேலை. கயிறும் கப்பியும் போட்டு எஞ்சின்களைத் தூக்கி இறக்குவோம். கழித்துப் போட்ட டிங்கிப் படகு ஒன்றைக் கேட்டு வாங்கி, கித்தானில் இரண்டு சிறகு தைத்து, வேதக்கோயில் மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் கப்பி மாட்டினேன். ஆளோடு இருபதடி ஏறும். ஆனால் நாடகம் நடத்திய உபதேசியார், வில்லன் வேஷத்தை என்கூட வேலை பார்த்த தூத்துக்குடிக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் குரல் அப்படி.

"நீ கயித்தப் பிடிச்சுக்கப்பா. உன்ன விட்டா யாரு இருக்கா?" என்றார் என்னிடம். வயிறு எரிந்தது.

அவன் மெயின்லேண்டை விட்டு வந்து இரண்டு வருஷம். வந்த பிறகு பிறந்த மகளை அவன் பார்த்ததே இல்லை. பெண்டாட்டியும் பிள்ளையும் அடுத்த கப்பலில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அது என்றைக்கு வரும் என்பது கப்பலுக்கே தெரியாத காலம். கப்பல் சங்கு ஊதினால் வந்துவிட்டது என்று அர்த்தம். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஊரே ஜெட்டிப் பாலத்துக்கு ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வேஷம் போட்டு ஒத்திகை. முகமெல்லாம் கரி, தலையில் தகரக் கொம்பு. அவனை ஏற்றினேன். மேலே நின்று சிரித்தான் பாருங்கள், கீழே இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். திடீரென்று கடல் பக்கம் கையை நீட்டி, "கப்பல்! கப்பல்!" என்று கத்தினான். வசனம் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம்தான் சங்கு ஊதியது.

"அரே, ஜஹாஜ் வந்துட்டுது!" என்று யாரோ கத்த, மைதானம் காலியானது. ராஜாவும் கிரீடத்தோடு ஓடினார்.

"அண்ணே, இறக்குங்கண்ணே! எம் புள்ள வருதுண்ணே!"

மேலே ஏற்றியவன் ஆளை இறக்காமல் கயிற்றை விட்டுப் போகக் கூடாது. கலாசிக்கு முதல் நாள் சொல்லித் தருவதே அதுதான். நான் கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினேன்.

"பறக்குற கப்பல்தானடா. பறந்து வா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவன் கெஞ்சியது தெருமுனை வரை கேட்டது.

ஜெட்டியில் அவன் பெண்டாட்டியை நான்தான் கண்டுபிடித்தேன். தகரப்பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாக, ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக வரலியாண்ணே?"

"வேலையா இருக்கான்மா. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டேன். உடனே ஒட்டிக்கொண்டது. கோயில் மேட்டுக்குத் திரும்பும் இடத்தில், முன்னால் போனவர்கள் நின்று சிரித்தார்கள். கறுப்பு முகமும் கொம்புமாக ஒருவன் ரோட்டில் முழங்கையால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தான். கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறான், டிங்கி கவிழ்ந்துவிட்டது. ஒரு கால் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. நடிக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

"யாருண்ணே அது?" என்று கேட்டாள்.

"யாரோ நாடகக்காரன்."

அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். குரலை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். குழந்தை வீறிட்டு அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நான் அதை இறக்கிவிடவில்லை. அவனிடம் கொண்டுபோகவும் இல்லை. "பயப்படாதடா கண்ணு, நான் இருக்கேன்ல" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன், அவன் காதில் விழும்படி. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.