எஞ்சின் நிற்கக் கூடாத இடம்

டீசல் வாயில் போனால் என்ன ருசி என்று படுவான்கரையில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு நாக்கு மரத்துப்போகும். அதற்குப் பிறகு தின்கிற சோறு, குடிக்கிற தேத்தண்ணி எல்லாமே டீசல்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாகனத்தின் டாங்கிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சிக் கானுக்குள் இறக்குகிற வேலை அது. என் தங்கையின் புருஷன், அதாவது என் மச்சான், ஒரு சொட்டுக்கூட வாயில் படாமல் எடுப்பான். அவன் எடுப்பது என்னுடைய வான் வண்டியிலிருந்து என்பதால் அந்தக் கெட்டித்தனத்தை நான் ஒருநாளும் மெச்சியதில்லை.

அப்போது சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைப் பக்கம் ஆயுதம் எடுத்த இயக்கத்தின் கையில். கிழக்கே டவுன் பக்கம் அரசாங்க ஆமியின் கையில். எங்கள் பக்கத்தில் டீசல் அடிக்கிற எண்ணெய் ஷெட் கிடையாது. கானில் டீசல் கொண்டுவர ஆமி விடாது. டாங்கிக்குள் இருப்பதை மட்டும் விடுவார்கள், அதில்லாமல் வாகனம் வீடு திரும்ப முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் எங்கள் ஊர் வாகனங்களெல்லாம் சில்லுப் பூட்டிய டீசல் பீப்பாக்கள்தான். போகும்போது டாங்கி காய்ந்திருக்க வேண்டும், வரும்போது கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் ஆளாளுக்குக் குழாயோடு வந்துவிடுவார்கள். ஒருவருக்கு உழவு மெசின், இன்னொருவருக்கு நெல்லுக் குத்தும் மில். அடுத்த முறை டவுன் ஷெட்டுக்குப் போய்ச்சேர எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உறிஞ்சிவிடுவார்கள். கேஜ் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. டாங்கியின் அடியில் விரல் முட்டியால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கணக்குப் பார்ப்போம். ‘டம்’ என்றால் இருக்கிறது, ‘டங்’ என்றால் இல்லை.

பெற்றோல் எஞ்சினுக்கு இது பெரிய காரியமல்ல. எண்ணெய் முடிந்தால் நிற்கும், ஊற்றினால் ஓடும். டீசல் எஞ்சினின் குணம் வேறு. டாங்கி வற்றிக் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. உள்ளே போன காற்றை ஒருவர் பம்ப் அடிக்க, இன்னொருவர் நட்டைத் திறந்து திறந்து பூட்ட, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தும் ஒவ்வொரு கிழமையும் டாங்கியை விளிம்புவரை காயவிட்டோம். வானை எடுத்தால் வழி முழுக்க எனக்கு எஞ்சின் சத்தத்தில்தான் காது. சிடுசிடுப்பான ஆள் என்று என்னைச் சொல்வார்கள். அந்த டாங்கியோடு ஓடிப் பார்த்திருந்தால் அவர்களும் சிடுசிடுத்திருப்பார்கள்.

அந்தத் தை மாதம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மச்சானின் வயல் வட்டையில் வெட்டிய கதிர் சூடு வைத்தபடி, போராகக் குவிந்து கிடந்தது. ஒரு பின்னேரம் குழாயோடு வந்து நின்றான்.

“பெருமழைக்கு முன்ன மெசினை விட்டுச் சூடடிச்சு முடிக்கணும் மச்சான். கொஞ்சம் கூட எடுக்கிறன்.”

“டவுனுக்கு நான் என்ன, தள்ளிக்கொண்டா போற?”

“காணும், காணும். நீ எப்பவும் இப்பிடித்தான்.”

எடுத்து முடித்ததும் தட்டிப் பார்த்தேன். டம்மும் இல்லை, டங்கும் இல்லை, நடுவில் ஒரு சத்தம். முணுமுணுத்துக்கொண்டு படுக்கப் போனேன். அவர்கள் வயலில் இரவிரவாக மெசினை ஓட்டிக் கதிரை மிதித்துச் சூடடித்தார்கள்; கொஞ்சம் மிஞ்சியது.

விடியற்காலை மழைத் தூறலுக்குள் மச்சான் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மிச்சக் கதிரை மூடுவதற்கு அவள் வெள்ளெனவே சூடடிக்கிற களவெட்டிக்குப் போயிருக்கிறாள். கதிர்க் கட்டை இழுத்தபோது காலில் பாம்பு கடித்துவிட்டது.

“புடையன், மச்சான். நான் கண்டன். வானை எடு.”

அவள் அழவில்லை. கணுக்கால் அதற்குள் வீங்கிப் பளபளத்தது. புடையன் கடித்தால் இரத்தம் உறையாது, நேரம் போகப் போக எங்கெங்கேயோ எல்லாம் கசியும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் மருந்து இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. ஓடிப்போய் டாங்கியைத் தட்டினேன். சுத்தமான ‘டங்’.

மச்சானின் முகத்தைப் பார்த்தேன். நான் படுத்த பிறகு இரவில் அவன் இன்னொரு தடவை குழாயோடு வந்திருக்கிறான். அந்த நேரம் அவனைத் திட்ட எனக்கு வாயில் எத்தனையோ இருந்தது. அதற்குள் அவன் குழாயை எடுத்துக்கொண்டு உழவு மெசினிடம் ஓடினான். அடித்து முடித்த மெசினின் டாங்கியில் அடி வண்டல்தான் மிச்சம். முதல் தடவையாக அவன் வாய் நிறைய டீசலோடு இருமியதைக் கண்டேன். பக்கத்து வீடுகளில் செய்தி போய், பெண்கள் விளக்கை ஊதி அணைத்துவிட்டு மண்ணெண்ணெயைப் போத்தலில் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் கிடையாது, சும்மா விட்டால் பம்பைத் தின்றுவிடும். அதற்காக ஒருத்தி தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயையும் தந்தாள். எல்லாவற்றையும் கிழிந்த சாரத்துண்டில் வடித்து ஊற்றினேன். மெசினின் வண்டலில் மழைத்தண்ணீரும் கலந்திருந்தது. தெரிந்துதான் ஊற்றினேன், வேறு என்ன இருந்தது ஊற்ற?

குளிர் வேறு. எங்கள் ஊருக்குக் குளிர் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக் எரிந்துபோன டீசல் எஞ்சினை முடக்க ஒரு மழை விடியல் போதும். புது பிளக் இந்தப் பக்கம் வராது. புது பற்றரியும் வராது, அதற்கும் தடை. அதனால், உருட்டி எஞ்சினைப் பிடிக்கவைக்க, எப்போதும் வானைக் குளக்கட்டுச் சரிவில்தான் விடுவேன். ஈர்க்குக் கட்டில் துணி சுற்றி நெருப்பு வைத்து, காற்று இழுக்கிற வாய்க்குப் பக்கத்தில் மச்சான் பிடித்தான். நான் பிறேக்கை விட்டேன். சரிவு முடிகிற இடத்தில்தான் எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது.

இயக்கத்தின் காவலில் காலைப் பார்த்ததும் உடனே விட்டார்கள். அதற்கப்பால்தான் அந்தத் தெரு. இரண்டு பக்கமும் வாவித் தண்ணீர், முடிவில் பாலம், பாலத்தடியில் ஆமியின் மண்மூட்டைகள். அந்தத் தெருவுக்கென்று ஒரு வழமை இருந்தது. கண்ணாடியை இறக்கி, மெதுவாகப் போக வேண்டும். நிற்கக் கூடாது. இறங்கவே கூடாது. நடுவில் நின்ற வாகனத்திலிருந்து ஆள் இறங்கினால் எதற்கு இறங்கினான் என்று எந்தப் பக்கமும் கேட்டுக்கொண்டிருக்காது.

மண்ணெண்ணெய்க் கலவையில் எஞ்சின் தட்டிக்கொண்டே ஓடியது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மச்சானின் மடியில் கிடந்த தங்கை, “அண்ணன், வாய்க்குள்ள இரத்தம் வருது,” என்றாள். அதே நேரம் எஞ்சின் ஒருமுறை குலுங்கியது, மறுபடி குலுங்கியது, நின்றது.

அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. தண்ணீர் கரையில் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. பயந்தேன், சாகப் பயந்தேன், அதைவிட அவள் என் வானுக்குள் சாகப் போகிறாள் என்று பயந்தேன்.

கடவுள் புண்ணியத்தில் அந்த வானில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்குக் கீழே. சீட்டைத் தூக்கினால் டீசல் பில்டரும் அதன் தலையில் கைப் பம்பும் இருக்கும். இறங்காமலே காற்றை எடுக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பேரும் பின்னால் போய்க் குனிய வேண்டும். பாலத்தடியிலிருந்து பார்க்கிறவனுக்கு, நடுத்தெருவில் ஒரு வான் நிற்கிறது, இருந்த ஆட்கள் மறைந்துவிட்டார்கள். அவன் இடத்தில் நான் இருந்தாலும் சுட்டிருப்பேன்.

“நீ முன்னுக்கு இரு மச்சான், நான் தனிய எடுக்கிறன்,” என்றேன்.

“தனிய ஏலாது. நட்டை ஆர் பூட்டுற?”

தங்கைதான் சொன்னாள். “என்னைத் தூக்கி முன் சீட்டில வைங்க. நான் இரிக்கன். பொம்பிளையைக் கண்டா கொஞ்சம் யோசிப்பாங்க.”

மச்சான் மறுத்தான். அவள் தானே முன்னுக்கு அரைந்து வந்தாள். தூக்கி இடது பக்கச் சீட்டில் வைத்தோம். கடிபட்ட கால் முழங்கால்வரை ஊதிக் கறுத்திருந்தது. அவள் இரண்டு கையையும் விரித்து முன் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

“கை தெரியும் அவங்களுக்கு. நீங்க செய்யிறதச் செய்ங்க.”

நான் சீட்டைத் தூக்கிக் குனிந்தேன். பம்பை அமுக்க அமுக்க, மச்சான் நட்டைத் தளர்த்தினான். முதலில் பில்டருக்குள் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் வந்தது, பிறகு வெறும் நுரை. பூட்டினான். திரும்ப அமுக்கினேன். எங்கள் இருவருக்கும் கண்ணில் தெரிந்தது அந்த நட்டு மட்டும்தான். வெளியே நடப்பதை அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தன் எழும்பிட்டான்.”

“என்ன செய்யிறான்?”

“பாக்கிறான்.”

அமுக்கினேன். நுரை.

“இப்ப ரெண்டு பேர்.”

“மறுகா?”

“துவக்கை மூட்டைக்கு மேல வெச்சிட்டுப் பாக்கிறாங்க. என்னைத்தான் பாக்கிறாங்க. நீங்க எழும்பாதீங்க.”

மச்சானின் கை வழுக்கி ஸ்பெனர் விழுந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான், மூக்கிலிருந்து சொட்டியது. “அழாதீங்க, சத்தம் கேக்குது,” என்றாள் மேலேயிருந்து. அவளுடைய குரல் சொதசொதவென்று இருந்தது, வாய்க்குள் இரத்தம். கை இறங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும். அமுக்கினேன், அமுக்கினேன். நுரை மெலிந்து, எண்ணெய் சீராகக் கசிந்தது. மச்சான் நட்டை இறுக்கினான்.

“அண்ணன், சட்டெண்டு எழும்பாதீங்க. முதல்ல கையைக் காட்டுங்க.”

முதலில் கையை உயர்த்தினேன், பிறகு தலையை. சீட்டைப் போட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செத்த பற்றரி ஒருமுறை முனகியது. அடுத்த முனகலில் சூடு மிச்சமிருந்த எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் சத்தம் போட்டு அழுதேன்.

பாலத்தடியில் ஒருவன் கையைக் காட்டி, “எஞ்சின் ஓஃப்,” என்றான். வழக்கம் அதுதான். நான் தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லையும் தெரியாத பலதையும் கலந்து பாம்பு, பாம்பு என்று கத்தினேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். தாடையில் இரத்தம் வழிய, இன்னும் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தான். போய்த் தடுப்புத் தடியைத் தூக்கிவிட்டான். அவனை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. கண்டிருந்தாலும் என்ன பேசுவேன் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். பல நாள் வாட்டில் கிடந்து அவள் பிழைத்து எழும்பினாள். கால் தோல் மட்டும் கறுத்துச் சுருங்கிப்போனது. மச்சான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த கிழமையே குழாயோடு வந்து நின்றான். நெல்லை மழைக்கு விட முடியுமா? ஆனால் ‘டம்’ என்று கேட்கிற அளவுக்கு டாங்கியில் விட்டுவிட்டுத்தான் போனான். அந்த விடியலைப் பற்றி நாங்கள் மூவரும் பேசியதில்லை. அவளுக்கு மயக்கம், பாதி ஞாபகம் இராது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

சண்டையெல்லாம் முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, தங்கையின் மகள் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினாள். பற்றரியிலும் ஓடும், பெற்றோலிலும் ஓடும், பெற்றோலை மணந்து பார்த்தே ஓடிவிடும் என்று எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு பாசிக்குடாவுக்கு விட்டாள். தாய் முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள். மச்சானும் நானும் பின்னால். கல்குடாப் பக்கம் ரோட்டை மறித்து மாட்டுப் பட்டி ஒன்று போனது. கார் நின்றது. நின்றதும் எஞ்சின் தானாகவே அணைந்துவிட்டது. அந்தக் கார்களின் வழக்கம் அது, எனக்குத் தெரியாது.

அந்த அமைதியில் தங்கை விழித்தாள். இரண்டு கையும் எழும்பிப் போய், விரல்களை விரித்து, முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன.

“என்னம்மா செய்யிறீங்க?” என்று மகள் சிரித்தாள். “நிண்டா எஞ்சின் தானா ஓஃபாகும். மாடு போகட்டும்.”

அவள் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். “அண்ணன், இன்னும் ஒருத்தரும் எழும்பல்ல. நீங்க செய்யிறதச் செய்ங்க.”

மகளின் சிரிப்பு நின்றது. மச்சான் பின்னாலிருந்து கையை நீட்டி அவளுடைய தோளைப் பிடித்தான். நான் முன்னுக்குச் சாய்ந்து, “காத்து எடுத்தாச்சு, புள்ள. கையை இறக்கு,” என்றேன். மாடுகள் ஒதுங்கின. கார் பற்றரியில் சத்தமில்லாமலே நகர்ந்தது. கொஞ்சத் தூரம் போய், எஞ்சின் பிடித்து அதன் சத்தம் காதில் விழும்வரை அவள் கையை இறக்கவில்லை.