பாலில் கொடுத்த மாத்திரை

தங்கைக்கு டைபாய்டு வந்த வருடம் நான் பெரம்பலூரில் மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் வருடம் இருந்தேன். ஆண்டிமடத்துப் பக்கம் எங்கள் ஊரில் அதை டாக்டருக்குக் கொஞ்சம் கம்மியான படிப்பு என்று நினைத்தார்கள். நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அவளுக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டியிருந்தது. முந்தின நாள்தான் ரத்தம் பார்த்து மாத்திரை எழுதியிருந்தார்கள். சரியான மாத்திரைதான். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே பாடம் எடுத்தேன். கிருமி பெருகும்போது, கேணிக் கயிறு போல முறுக்கிக் கிடக்கும் தன் டி.என்.ஏ. இழையைப் பிரிக்க வேண்டும். ஒரு நொதி அந்த இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும். மாத்திரை அதை ஒட்ட விடாமல் பிடித்து நிறுத்திவிடும். கிருமி அதோடு சரி.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கு வேண்டியதைக் கேட்டாள்.

"மாத்திர ஒடம்புக்குச் சூடுங்கறாங்க. பால்லயே குடுக்கட்டுமா?"

"எதுல குடுத்தா என்னம்மா, உள்ள போனா சரி."

எங்கள் பக்கம் எந்த இங்கிலீஷ் மருந்தும் சூடுதான். பாலோ மோரோ கொடுத்துத் தணிப்பார்கள். அம்மா ஆற்றித் தந்த பாலை நானே வாங்கி, தங்கையின் தலையைத் தூக்கிப் பிடித்து மாத்திரையை விழுங்க வைத்தேன். "கசக்கலண்ணே" என்றாள்.

பரீட்சை என்று அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகவில்லை. திங்கட்கிழமைத் தாளில் ஒரு கேள்வி: பாலுடன் தரக் கூடாத மருந்துகள் எவை, ஏன்? எனக்குத் தலைகீழ்ப் பாடம். பாலிலுள்ள கால்சியம் மருந்தின் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேராமல் வந்த வழியே வெளியேறும். மருந்துகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவன் நான்காவது பெயரில் நின்றுவிட்டேன். அது தங்கையின் அட்டையில் இருந்த பெயர்.

தாளைக் கொடுத்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் போனை எடுத்தார்.

"காலையிலயே வண்டி வச்சு தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி. வயிறு கல்லாட்டம் வீங்கிப்போச்சு."

டைபாய்டு முற்றி, குடலில் ஓட்டை விழுந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் வியாழக்கிழமை இறந்துவிட்டாள். பதினாறு வயது.

பாலால்தான் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லமாட்டார். தண்ணீரில் கொடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். இதை எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் படித்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். என் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கருமாதி முடிந்த அன்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சோறு எறங்கல, கஞ்சி எறங்கல. பாலு ஒண்ணுதான் எறங்குச்சு. அதையாச்சும் வேளா வேளைக்கு மாத்திரையோட குடுத்தேன்" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள்.

"சரியாத்தாம்மா குடுத்த" என்றேன்.